பிரேக் மாற்ற வேண்டிய நாள்

மூன்றாம் நம்பர் வேனின் முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, வண்டியை மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்துவிட்டுத்தான் லஸ்மா நேற்று மாலை ஷெட்டைப் பூட்டினாள். காலையில் வந்து பார்த்தபோது கட்டைகள் மட்டும் இருந்தன.

கேட்டின் பூட்டு உடைந்து மண்ணில் கிடந்தது. வண்டி கழுவிவிட்டு ராத்திரி ஷெட்டிலேயே படுக்கும் துனார் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தியிருந்தான். வாயில் ஒரு ஈரத்துணியை அழுத்திப் பிடித்திருந்தான். துணி சிவந்திருந்தது.

யார் அடித்தது என்று கேட்டாள்.  துனார் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சியாந்தார் ஊரில் இந்த ஷெட்டின் பூட்டை உடைக்கும் துணிச்சல் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அவள் கூடப்பிறந்த அண்ணன், குடும்பத்து வேன் கம்பெனியை நடத்தும் பின்சார்.

முந்தாநாள் டிரைவர்கள் எல்லோர் முன்னாலும் அண்ணனும் தங்கையும் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். சண்டைக்குக் காரணம் ஷெட் சுவரில் தொங்கும் கரும்பலகை. எந்த வண்டிக்கு எப்போது எஞ்சின் ஆயில், எப்போது பிரேக் ஆயில், எத்தனை கிலோமீட்டர் ஓடினால் பிரேக் பேட், எத்தனை ஓடினால் பெல்ட் என்று அதில் லஸ்மா எழுதி வைப்பாள். அந்த நாள் வந்துவிட்டால் வண்டி ரோட்டில் இருக்கக் கூடாது, ஷெட்டில் இருக்க வேண்டும். மூன்றாம் நம்பருக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்பே நாள் வந்துவிட்டது. கூட்டம் அள்ளுகிற நேரத்தில் வண்டியை உள்ளே போடுவதா என்று பின்சார் இரண்டு முறை அந்த வரியைக் கையாலேயே அழித்தான். இரண்டு முறையும் அவள் திரும்ப எழுதினாள். கடைசியில் வார்த்தையை நம்பாமல் சக்கரத்தைக் கழற்றினாள்.

கழற்றியதும் டார்ச் அடித்துப் பார்த்தாள். முன் சக்கரத்துப் பேட்கள் தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கை உரசிக்கொண்டிருந்தது. பிரேக் ஆயில் கறுத்துப்போய், கடுங்காப்பி மாதிரி இருந்தது.

இப்போது புது பேட் பெட்டி மேஜை மேல் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"பழசையே போட்டு மாட்டிட்டாங்களா?"

துனார் தலையை ஆட்டினான். விடிவதற்குள் பின்சார் இரண்டு ஆட்களோடு வந்ததையும், வண்டிச் சாவியைத் தரமாட்டேன் என்று சொன்னதற்கு முகத்தில் விழுந்த குத்தையும் துணிக்குள்ளிருந்தே குழறிக் குழறிச் சொன்னான்.

"வண்டிய யாரு எடுத்துட்டுப் போனது?"

"ஸ்டாண்டுக்குத்தான் போச்சுக்கா. அங்கேர்ந்து யாருன்னு தெரியல."

லஸ்மாவுக்குத் தெரிந்துவிட்டது. புத்தாண்டுக்கு முந்தின நாள் முதல் டிரிப் எப்போதும் மாருலிக்குத்தான். மாருலி அவள் புருஷன். ஒன்றாம் நம்பரை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்திருக்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தான்.

போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டான். வண்டி ஓட்டும்போது எந்த டிரைவரும் போனைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவளேதான். அதை அந்தக் கம்பெனியில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஒரே டிரைவர் அவள் புருஷன்.

தரையில் கிடந்த வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். கோழியும் அரிசி மூட்டையும் கேக் டப்பாவுமாக ஊர் திரும்புகிற ஜனம் வழியெல்லாம் நின்றது. ஒன்றாம் நம்பர் வேன் ஆளில்லாமல் ஓரமாக நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கடைசி நம்பிக்கையும் போயிற்று.

பின்சார் ஸ்டாண்டை ஒட்டிய லாப்போவில், அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையில், பெஞ்சில் காலை அகட்டி உட்கார்ந்து, பன்றிக்கறி போட்ட நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் டிரைவர்கள் காப்பியோடு நின்றார்கள். லஸ்மாவின் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துச் சிரித்தான்.

"வா ஈத்தோ. சாப்பிடுறியா?"

கூடப்பிறந்தவளை அப்படி அழைப்பது அங்கே வழக்கம்தான். ஆனால் பின்சார் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"மாருலிய எந்த வண்டியில அனுப்பின?"

"ஷெட்டுல சும்மா நின்ன மூணாம் நம்பர்ல. ஒண்ணாம் நம்பர்ல நடு சீட்டு ஆடுது, ஜனம் ஏற மாட்டேங்குது."

"அவரு எப்படி அதுல ஏறினாரு? நான் சக்கரத்தக் கழட்டினது அவருக்குத் தெரியும்."

"நீ ராத்திரியே வந்து புதுப் பேட் போட்டுட்டேன்னு சொன்னேன். முதல் நாள் கொஞ்சம் கத்தும், பயப்படாதன்னும் சொன்னேன்." நூடுல்ஸை உறிஞ்சினான். "ஒரே ஒரு டிரிப்புடி. சாயங்காலம் வந்ததும் நீ சக்கரத்தக் கழட்டு, கூரையக் கழட்டு, என்னத்த வேணா கழட்டு."

லஸ்மா ஒன்றாம் நம்பர் சாவியைக் கேட்டாள். அவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். அவள் கை நீட்டினாள். அவன் எச்சில் கையோடு எழுந்து, யோசிக்கவே இல்லை, கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

ஒரு காதில் சத்தமே போய்விட்டது. அவள் மறுபடியும் பையை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். இந்த முறை அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேஜை விளிம்பில் மோதினான். காப்பிக் கிளாஸ்கள் உருண்டன. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. டிரைவர்களில் ஒருவர்கூட நகரவில்லை. மூத்த அண்ணன் தங்கையை அடிக்கிறான், நடுவில் போக யாருக்கும் மனம் வரவில்லை.

"என் அப்பன் போர்டு மாட்டியா வண்டி ஓட்டினான்? பொம்பள எழுதுறதப் பார்த்துட்டு நான் வண்டிய நிறுத்தணுமா?"

அவன் மறுபடியும் அவள் தலையை இழுத்தபோது லஸ்மா ஸ்பேனரை வீசினாள். குறி பார்க்கவில்லை. அது அவன் வலது முன்கையில் விழுந்தது. விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. பின்சார் கத்தவில்லை. தன் கை முழங்கைக்குக் கீழே ஒரு இடத்தில் தப்பாக வளைந்து தொங்குவதைப் பார்த்தான். வெள்ளையாக ஒரு எலும்புமுனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அப்படியே பெஞ்சோடு சரிந்து உட்கார்ந்தான்.

அவள் குனிந்து அவன் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் ஏரிக்கரைப் பராபட்டிலிருந்து திரும்பிய வேறொரு கம்பெனி டிரைவர் லாப்போவுக்குள் வந்தார். உள்ளே நடந்தது எதுவும் தெரியாமல், உங்க மூணாம் நம்பர் பராபட் போற வழியில திகா டொலோக் ஊருக்கிட்ட எதிரே போச்சு, முன் சக்கரம் கத்துற கத்தல் என் வண்டிக்குள்ளேயே கேட்டுது, அடைச்சு அடைச்சு ஆளு ஏத்தியிருக்கு, யாரு ஓட்டுறது என்று கேட்டார்.

 பின்சாரின் முகத்திலிருந்து நிறம் வடிந்தது. அது வலியால் மட்டும் இல்லை.

லஸ்மா வண்டியைக் கிளப்பியபோது பக்கத்துக் கதவு திறந்தது. பின்சார் இடது கையால் பிடித்து ஏறி உட்கார்ந்தான். ஒடிந்த கை மடியில் கிடந்தது. இறங்கு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

சியாந்தாரிலிருந்து தோபா ஏரிக்குப் போகிற பாதை முதலில் சாதுவாகத்தான் போகும். ரப்பர் தோட்டம், செம்பனை, வயல். பிறகு ஏறத் தொடங்கும். ஆயெக் நௌலி காட்டைத் தாண்டினால் ஏரி கண்ணில் படும். அங்கிருந்து பராபட் வரை இறக்கம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அந்த இறக்கத்தில்தான் மூன்று வருடத்துக்கு முன் அவர்களுடைய தம்பி லம்ஹோத் போனான். பழைய பிரேக் ஆயில் சூட்டில் கொதித்து, மிதித்த பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய், வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். அதற்குப் பிறகுதான் மேதான் நகரத்தில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு லஸ்மா ஊருக்குத் திரும்பினாள். கரும்பலகை அன்றைக்கு வந்தது.

அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினாள். ஒவ்வொரு குழியிலும் பின்சார் பல்லைக் கடித்தான். நெற்றி ரத்தத்தை அவள் தோளில் துடைத்துத் துடைத்துச் சட்டை ஒட்டிக்கொண்டது.

வயல்கள் முடிந்து பாதை ஏறத் தொடங்கியதும் அவன் பேசினான். குரலில் கோபம் இல்லை.

"லம்ஹோத் வண்டியும் சர்வீஸுக்கு நின்னுது. தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் மேதானில் இருந்தாள்.

"ஈஸ்டர் கூட்டம். அப்பா உள்ள போடச் சொன்னாரு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு நான்தான் அவன அனுப்பினேன்." கண்ணை மூடிக்கொண்டான். "சாவு அவனுக்கு எழுதியிருந்துதுன்னு இத்தன நாள் சொல்லிட்டிருக்கேன். நீ வந்து போர்டு மாட்டுற. அந்தப் போர்டு சரின்னா, லம்ஹோத்த நான்தான் கொன்னேன்னு ஆகுது."

லஸ்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரக்கம் வந்தது, அதே மூச்சில் அவனைக் கதவைத் திறந்து வெளியே தள்ள வேண்டும் போலவும் வந்தது. தம்பி செத்த காரணத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாதவன் அதே காரணத்தில் அவள் புருஷனையும் ஏற்றி அனுப்பியிருக்கிறான்.

"அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்ன இந்தப் பள்ளத்துல நானே தள்ளுவேன் அண்ணே," என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. சும்மா தெரிவித்தாள்.

ஏரி தெரிந்த வளைவைத் தாண்டி இரண்டு திருப்பம் இறங்கியதும் போக்குவரத்து நின்றிருந்தது.

மூன்றாம் நம்பர் மலைப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதற்கு முன்னால் நூறடி நீளத்துக்குப் பாறையில் பெயின்ட் உரசிய கோடு. பெடல் உள்ளே போனதும் மாருலி கியரைக் குறைத்துக் குறைத்து, பள்ளத்துப் பக்கம் போக விடாமல், வண்டியை வேண்டுமென்றே மலையில் தேய்த்து நிறுத்தியிருக்கிறான். அவன் புத்திதான் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. ஆனால் மலையில் தேய்ந்தது இடது பக்கம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர் பராபட்டைத் தாண்டி பலிகே ஊருக்குப் போக வேண்டிய ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரைக் கதவை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ரோட்டில் ஜனங்கள் உட்கார்ந்தும் படுத்தும் முனகிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோழி உயிரோடு அங்குமிங்கும் ஓடியது. மாருலி ஒரு காது கிழிந்து தொங்க, வாத்தியாரின் தலையை மடியில் வைத்திருந்தான். லஸ்மா போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் அவளைப் பார்த்தான், உயிரோடு இருக்கிறோம் என்று இருவருக்கும் புரிந்தது. பிறகு அவன் பார்வை அவளைத் தாண்டிப் போனது.

வேனிலிருந்து பின்சார் இறங்கிக்கொண்டிருந்தான்.

மாருலி வாத்தியாரின் தலையை மெதுவாகத் தன் சட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

பெண் கொடுத்த வீட்டாரை, ஹுலாஹுலா என்று, கடவுளுக்கு அடுத்தபடியாக வைக்கிற ஜனம் அது. மனைவியின் அண்ணன் எதிரே வந்தால் உட்கார்ந்திருப்பவன் எழுந்திருக்க வேண்டும். அவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் மாருலி பின்சாரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அதனால் அவன் நடந்து வருவதைப் பார்த்தபோதும் என்ன நடக்கப்போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்சாருக்கும் தோன்றவில்லை.

முதல் குத்து தாடையில் விழுந்தது.

"புதுப் பேட்னு நீங்கதானே சொன்னீங்க."

பின்சார் வண்டியில் மோதி விழுந்தான். மாருலி அவன் காலரைப் பிடித்துத் தூக்கினான். மூக்கு உடைந்தது.

"கத்தும்னு நீங்கதானே சொன்னீங்க."

அடிக்கிற கை நிற்கவில்லை. மரியாதை மட்டும் கடைசி வரை வாயிலிருந்து போகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'நீங்க' சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டிருந்தது அடியைப் பார்ப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. பின்சார் ஒற்றைக் கையால் முகத்தை மறைக்கப் பார்த்தான். கீழே விழுந்தவனை மாருலி விலாவில் உதைத்தான். ஒடிந்த கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டபோதுதான் பின்சார் முதல் முறையாக வாய்விட்டு அலறினான். லஸ்மா நின்ற இடத்தில் நின்றாள்.  நிறுத்து என்று சொல்ல அவள் விரும்பவில்லை. மாருலி குனிந்து ரோட்டோரம் கிடந்த கல்லைத் தூக்கினான்.

"போதும்."

ஒரு பெண் குரல். கூட்டத்துக்கு நடுவிலிருந்து வந்தது.

மாருலியின் கை அந்தரத்தில் நின்றது. குரல் உரக்கக்கூட இல்லை. ஆனால் அந்தக் குரல் அவனிடம் பேசக் கூடாத குரல். மச்சானின் மனைவியும் நாத்தனார் புருஷனும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். பேச வேண்டியிருந்தால் நடுவில் யாரையாவது வைத்துப் பேசுவார்கள். பின்சாரின் மனைவி செரியா, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, மாருலியின் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தாள்.

அவள் ரோட்டோரம் ஒரு துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கல் கீழே விழுந்தது.

பின்சார் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "நீ எப்படி இதுல?"

அவள் பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். லஸ்மா பையைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம். இன்றைக்குப் பட்ட அடி சிவந்திருக்கும். இது நீலம் பாரித்துப்போயிருந்தது.

எல்லோரையும் பராபட்டில் ஏரியைப் பார்த்த சின்ன மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் வாத்தியார் இறந்துபோனார். அவர் மனைவிக்கு யார் போன் செய்வது என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். மாருலியின் காதைத் தைத்தார்கள். ஊசி போடாமலே தைத்தாலும் தெரிந்திருக்காது, அப்படி உட்கார்ந்திருந்தான்.

செரியா நடைபாதை பெஞ்சில் லஸ்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே சொன்னாள். முந்தின இரவு பின்சார் ஆட்களுக்குப் போன் செய்து, சக்கரத்தை மாட்டினால் போதும், பேட் எல்லாம் மாற்ற நேரமில்லை என்று சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். லம்ஹோத்தை அனுப்பின மாதிரி இன்னொருத்தரை அனுப்பப் போறீங்களா என்று கேட்டதற்குத்தான் அந்த அடி. அவன் விடியலில் கிளம்பியதும் பையை எடுத்துக்கொண்டு, பராபட்டில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போக, ஊர் எல்லையில் நின்று வண்டிக்குக் கை காட்டியிருக்கிறாள். மாருலி ஓட்டுகிறான் என்றால் ஒன்றாம் நம்பராகத்தான் இருக்கும் என்று நினைத்து ஏறினாள். ஒரு பெண் தனியாகப் பையோடு ஏறுகிறாளே, என்ன ஏது என்று அவனும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

"எப்ப தெரிஞ்சுது மூணாம் நம்பர்னு?"

"காட்டுக்கிட்ட. சீட்டுக்கு முன்னால நம்பர் எழுதியிருந்துது. யாரோ இறங்கினப்பதான் பார்த்தேன்."

"இறக்கம் வர்றதுக்கு முன்னாடியா?"

செரியா தலையைக் குனிந்தாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவர்கிட்ட நான் எப்படிப் பேசுறது? முன்னால இருந்த வாத்தியார்கிட்ட, டிரைவர்கிட்ட நிறுத்தச் சொல்லுங்கன்னு சொன்னேன். அவரு அரைத் தூக்கத்துல இருந்தாரு. எதுக்கும்மா, பராபட் இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னாரு. ரெண்டாவது தடவ சொல்ல எனக்கு வெட்கமா இருந்துது."

லஸ்மாவின் கை தானாக உயர்ந்தது. அண்ணியின் அந்த வீங்கிய கன்னத்துக்கு நேராக உயர்ந்து நின்றது. செரியா முகத்தைத் திருப்பவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அடி வாங்கிப் பழகின முகம். அந்தப் பழக்கத்தைப் பார்த்ததும் லஸ்மாவுக்குத் தன் கை மேலேயே அருவருப்பு வந்தது. கையை இறக்கி இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து நெரித்துக்கொண்டாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். சாவு விழுந்துவிட்டதால் வழக்கு வேறு மாதிரி போகும் என்றார்கள். வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்பது அவர்களுடைய முதல் கேள்வி.

பின்சார் கட்டிலில் கட்டுப் போட்ட கையோடு கிடந்தான். எலும்பைச் சேர்க்க அவனை மேதானுக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீங்கிப்போன வாயைத் திறந்து நிதானமாகச் சொன்னான்.

"வண்டி சமாச்சாரம் எல்லாம் என் தங்கச்சி பொறுப்பு. எந்த வண்டி ஓடணும், எது நிக்கணும், எல்லாம் அவ சொல்றதுதான். ஊர்ல யார வேணா கேளுங்க. நேத்து அந்த வண்டியோட சக்கரத்தக் கழட்டினது அவ. என் கைய ஒடிச்சதும் அவ."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. லஸ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு தம்பியைப் பற்றிப் பேசிய மனிதனை அந்த முகத்தில் தேடினாள். காணவில்லை.

மூத்த போலீஸ்காரர் அவள் பக்கம் திரும்பினார். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செரியா பேசினாள்.

"கழட்டினது அவ. மாட்டச் சொன்னது இவரு."

பின்சார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். வாயை மூடு என்று சொன்னான். பிறகு அவள் அப்பன் பெயரையும் அவள் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் இழுத்து, நர்ஸ் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி ஏசினான். நல்ல கையால் மருந்துத் தட்டை எடுத்து வீசினான். அது சுவரில் பட்டுச் சிதறியது. போலீஸ்காரர் அவனைத் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்க வைத்துவிட்டு, செரியாவையும் லஸ்மாவையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். கதவைத் தாண்டும்போது லஸ்மா திரும்பிப் பார்த்தாள். பின்சார் இடது கையால் போனைக் காதில் வைத்து, யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனில் இளவயது எழுத்தர் ஒருவர் செரியா சொல்வதைத் தட்டச்சு செய்தார். போன் செய்தது, எத்தனை மணி இருக்கும், யாரோடு பேசினார், என்ன வார்த்தை. அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். கன்னத்து வீக்கத்தைப் பற்றியும் கேட்டார். அதையும் சொன்னாள். பிறகு, அதே வண்டியில் நீங்க ஏன் ஏறினீங்க என்று கேட்டார். செரியா சொல்வதை அங்கே நிறுத்திவிட்டாள்.

மாருலி தலையில் கட்டோடு வாசல் பக்கம் நின்றான். ஹுலாஹுலாவை அடித்ததற்கு ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள், ஒருவேளை அவனை ஒதுக்கியும் வைப்பார்கள். அது நாளைக்கு. இப்போது வெளியே ஒரு ஜீப்பிலிருந்து பின்சாரின் சித்தப்பா மகன்கள் நாலு பேர் இறங்கி, ஸ்டேஷன் படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று செரியாவுக்குத் தெரிந்தது.

லஸ்மாவின் போன் அடித்தது. துனார்.

"அக்கா, ஆளுங்க வந்திருக்காங்க. காலையில வந்த அதே ஆளுங்க. கையில கேன் வெச்சிருக்காங்க. பெட்ரோல் வாசன அடிக்குது. கேட்ட உள்ளேர்ந்து பூட்டியிருக்கேன். நீங்க உடனே வந்தீங்கன்னா..."

லஸ்மா எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி நகர்ந்தது. ஒன்றாம் நம்பர் வாசலில்தான் நின்றது. இப்போது கிளம்பினால், வழியில் தெரிந்தவர்களுக்குப் போன் செய்தால், பாதியையாவது காப்பாற்றலாம். ஷெட்டில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழி, லிஃப்ட், அவள் மேதானில் சம்பாதித்து ஒவ்வொன்றாக வாங்கிய சாமான்கள்.

செரியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். போகாதே என்று கண்ணில்கூடக் கேட்கவில்லை. மேஜை மேல் இருந்த அவள் கைகள் மட்டும் மெதுவாக நகர்ந்து துணிப்பையைப் பிடித்துக்கொண்டன. எழுந்து போகத் தயாராகிறவள் பையைப் பிடிக்கிற மாதிரி.

"வண்டிங்க எல்லாம் ரோட்டுலதானே இருக்கு?" என்று லஸ்மா போனில் கேட்டாள்.

"ஆமாக்கா. உள்ள எதுவும் இல்ல."

"பின் கதவு வழியா நீ வெளிய போ. ரோட்டத் தாண்டிப் போய் நில்லு."

"கேட்ட என்னக்கா பண்றது?"

"திறந்து விட்டுட்டுப் போ."

துனார் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் போனை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துச் செரியாவுக்குப் பக்கத்தில், படிக்கட்டில் நிற்பவர்களை மறைக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு அண்ணி. நான் எங்கேயும் போகல."

செரியா எழுத்தரின் விரல்களைப் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் வைத்தாள்.

"அந்த வண்டிக்கு பிரேக் இல்லன்னு எனக்குத் தெரியும் சார்," என்றாள். "நான் சொல்லியிருந்தா வாத்தியார் இருந்திருப்பாரு. இதையும் எழுதிக்கோங்க."